உதட்டக்கா எழுதிய போர்ப்பாட்டு

டப்பிங் ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் உதட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்திப் படங்களுக்குத் தமிழில் வசனமும் பாட்டும் எழுதுவது அவள் வேலை. திரையில் நடிகனின் வாய் மூடுகிற இடத்தில் தமிழிலும் ப, ம என்று உதடு ஒட்டுகிற எழுத்து வர வேண்டும். வாய் அகலத் திறக்கிற இடத்தில் நெடில் விழ வேண்டும். பொருளும் கெடக்கூடாது. வருஷக்கணக்காக இதையே பார்த்துப் பார்த்து, நேரில் பேசும்போதும் அவள் எதிராளியின் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வாயைத்தான் பார்ப்பாள். புதிதாக வருகிறவர்கள் பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறது போலிருக்கிறது என்று கைக்குட்டையைத் தேடுவார்கள்.

ஐம்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் காதல் கதை எதுவும் கிடையாது. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்ததில் நின்றுபோனது. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு அறை கொண்ட வீடு. ஒன்றில் படுப்பாள், இன்னொன்றில் எழுதுவாள். எழுதும்போது ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதால் நாள் முழுக்க அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருக்கும். காதலன் பேசுவான், வில்லன் மிரட்டுவான், தாய் அழுவாள். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒரு நாள், "உங்க வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டாள். "ஒரு படத்துக்கு முப்பது பேர்" என்று சொல்லி இவள் சிரித்தாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அண்ணன். அப்பா ராணுவ ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். ஊர் ஊராக மாற்றலாகும். குடியிருப்பு மைதானத்தில் வாரம் ஒருமுறை துணித்திரை கட்டிப் படம் போடுவார்கள். அனேகமாக எல்லாமே இந்திப் படம். ஒலிபெருக்கி ஒன்றுக்கும் உதவாது, கரகரவென்று இரையும். அதனால் அவள் முன்னால் போய் உட்கார்ந்து நடிகர்களின் வாயைப் பார்த்தே இந்தி கற்றுக்கொண்டாள். அண்ணன் பாட்டு வழியாகக் கற்றுக்கொண்டான். நாட்டைப் பற்றிய பாட்டு வந்தால் அவன் உட்கார்ந்திருக்க மாட்டான். எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, திரையில் இருப்பவனோடு சேர்ந்து பாடுவான். பின்னாலிருந்து "மறைக்காதடா" என்று கத்துவார்கள். அவனுக்குக் காதில் விழாது.

அந்த அண்ணனோடு மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை.

சண்டை வந்ததும் ஒரு பாட்டால்தான். அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. காலை நடைக்குப் போகுமிடத்தில் கிடைத்த நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, புதிதாக வந்திருந்த ஒரு இந்திப் போர்ப் படத்தைப் போட்டிருந்தார். அவளும் போயிருந்தாள். நடுவில் ஒரு பாட்டு வந்தது. பனி மலை, ஹெலிகாப்டர், முரசுச் சத்தம், முகத்தில் கரி பூசிய நாயகன். நண்பர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அண்ணி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். இவள் மட்டும் எழவில்லை.

"எழுந்திரு" என்றார் அண்ணன், தணிந்த குரலில்.

"எதுக்கு? இது நாட்டுப் பாட்டா, தெருச்சண்டைக்கு ஆள் கூப்பிடற பாட்டா? இதுல நாடு எங்கண்ணா இருக்கு? எதிரி மட்டும்தான் இருக்கான்."

அவள் தொழில்ரீதியாகத்தான் சொன்னாள். நாளெல்லாம் பாட்டைப் பிரித்துப் போடுகிறவளுக்கு அது சாதாரணப் பேச்சு. ஆனால் ஹாலில் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார். அண்ணனின் முகம் சிவந்துவிட்டது.

"புடிக்கலைன்னா எழுந்து போ. இந்த வீட்ல உனக்கு வேலை இல்ல."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். படிக்கட்டில் இறங்கும்போது அண்ணன் கூப்பிடுவார் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பார்த்தாள். மேலேயிருந்து முரசுச் சத்தம்தான் வந்தது.

அதற்குப் பிறகு அண்ணி மட்டும் எப்போதாவது போன் செய்வாள். "உங்கண்ணன் குளிக்கறார், அதான் பண்றேன்" என்று ரகசியக் குரலில் ஆரம்பிப்பாள். குளித்து முடிக்கிற நேரத்தில் பேச்சும் முடிந்துவிடும். பிறகு அண்ணி, மகளின் பிரசவத்துக்காக வெளிநாட்டுக்குப் போனாள். நேரம் ஒத்துவராததால் அந்தப் போனும் நின்றது.

இந்த நிலைமையில்தான் ஸ்டுடியோவுக்கு இரண்டு இந்திப் படங்கள் ஒன்றாக வந்தன. தேசபக்திப் படங்கள் என்று ஒரு கம்பெனி வரிசையாக வாங்கித் தமிழில் விடப் போகிறது. ஒன்று அறுபது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படம். இன்னொன்று அந்த வருஷமே வந்து ஓடிக்கொண்டிருந்த போர்ப் படம்.

பழைய படத்தை அவள் ஆசையாக எடுத்துக்கொண்டாள். கால்வாய் வெட்டுகிற ஜனங்களின் கதை. நாயகன் படித்தவன், கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேருகிற வரைக்கும் மண்வெட்டியைக் கீழே போடமாட்டேன் என்கிறான். உச்சத்தில் ஒரு பாட்டு. நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக மண் சுமந்துகொண்டு பாடுகிறார்கள். எதிரியென்று யாரும் இல்லை. பாறைதான் எதிரி, வெயில்தான் எதிரி. கேமரா நாயகனை விட்டுவிட்டு, பல் போன கிழவன், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, சிரிக்கத் தெரியாமல் சிரிக்கிற ஒரு இளைஞன் என்று முகம் முகமாகப் போகிறது.

அந்தப் பாட்டுக்கு அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். பழைய படங்களில் நாட்டைப் பற்றிப் பாடுகிறவனின் வாய் நன்றாகத் திறந்திருக்கும். ஆ, ஓ என்று நீண்டுகொண்டு போகும். தமிழுக்கு அது சௌகரியம்.

*யார் தோண்டினாலும் நீர் ஒன்றுதான்,*
*யார் வீட்டுப் பானையும் நிறைய வேண்டும்*

என்று எழுதி, வாய்விட்டுப் பாடிப் பார்த்தபோது அவளுக்கே பிடித்திருந்தது. யாரிடமாவது பாடிக் காட்ட வேண்டும் போலிருந்தது. போனை எடுத்து அண்ணன் பெயர் வரைக்கும் போய், வைத்துவிட்டாள்.

ஒலிப்பதிவு நாளில் ஸ்டுடியோ என்ஜினியர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். நாற்பது வயதுக்காரன், நல்ல வேலைக்காரன், எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவன். "சூப்பர்க்கா, உதட்டுக்கு அச்சா உக்காந்துடுச்சு. அடுத்தது போர்ப் படம். பாட்டை வியாழக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க, பாடகரோட தேதி அன்னிக்குத்தான் இருக்கு."

போர்ப் படப் பாட்டை அவள் வீட்டில் போட்டுப் பார்த்தாள். புதிய படங்களில் நாட்டைப் பற்றிப் பாடுகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பாடுகிறான். வாய் திறக்கிற நேரத்தைவிட மூடியிருக்கிற நேரம் அதிகம். நாயகன் தனியாகத்தான் நிற்கிறான். பின்னால் வரும் படையின் முகங்கள் தெரியவில்லை, தொப்பிதான் தெரிகிறது. பாட்டு முழுக்க ஒருவனைப் பார்த்து, நீ, நீ, நீ என்றே போகிறது. எல்லைக் கோட்டைத் தாண்டியவனுக்கு என்ன ஆகும் என்பதுதான் சங்கதி.

அவள் தன்னால் முடிந்தவரை அதை மென்மைப்படுத்தி எழுதிக்கொண்டு போனாள். *எங்கள் மண்ணில் எல்லை உண்டு, எல்லை காக்கும் உள்ளம் உண்டு* என்று.

என்ஜினியர் தாளைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. இன்சூரன்ஸ் விளம்பரம் மாதிரி இருக்கு."

"அர்த்தம் சரியாத்தானே இருக்கு."

"அர்த்தம் சரிதான். கோவம் எங்க? அந்தாளு மூஞ்சியப் பாருங்க, கொதிக்குது. நம்ம வரி என்னடான்னா வாங்க, உக்காருங்க, காப்பி சாப்பிடறீங்களாங்குது. பாடகர் கீழ வந்துட்டார்க்கா. பக்கத்து ரூம் காலியாத்தான் இருக்கு. உக்காந்து ஒரு தடவை பாத்துட்டு வாங்களேன்."

பக்கத்து அறையில் பழைய ஒலிவாங்கிகளும் உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. அவள் காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கோபப்படு, கோபப்படு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பார்த்தேயிராத எதிரிமேல் எப்படிக் கோபப்படுவது? கண்ணை மூடினாள். உடனே அண்ணன் வீட்டு ஹால் வந்து நின்றது. நின்றுகொண்டிருந்த நண்பர்கள், கரண்டியோடு அண்ணி, அண்ணனின் சிவந்த முகம். எழுந்து போ. படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பமும் வந்தது.

பேனா தானாக ஓடியது.

*சேர்ந்து நின்ற நாளை மறந்தாய்,*
*சொந்தம் என்ற சொல்லை எறிந்தாய்,*
*கோட்டைத் தாண்டிக் காலை வைத்தாய்,*
*திரும்பிப் போக வாசல் இல்லை!*

கடைசி வரியில் நாயகனின் உதடு இரண்டு தடவை ஒட்டி, பிறகு கத்துவது போல் அகலத் திறக்கும். 'திரும்பிப் போக'வில் இரண்டு தடவை ஒட்டியது. 'வா' என்று திறந்தது. அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. அவள் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது என்ஜினியர் ஒரு முறை படித்தான். இன்னொரு முறை படித்தான்.

"யக்கா! இவ்வளவு நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

அவள் முகம் கழுவிக்கொள்ளப் போனாள்.

பழைய படம் தமிழில் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இணையத்தில் அதன் கீழே ஒரே ஒருவர் கருத்து எழுதியிருந்தார், அதுவும் படம் கறுப்பு வெள்ளையாக இருக்கிறதே என்று. போர்ப் படத்தின் பாட்டு பற்றிக்கொண்டது. தியேட்டர்களில் ஜனங்கள் எழுந்து நின்று கூடப் பாடினார்கள். பள்ளி விளையாட்டு விழாவில் பிள்ளைகள் அதற்கு அணிவகுத்தார்கள். கட்டடத்தின் காவலாளி போனில் அதுதான் அழைப்பு மணி. அவள் காய்கறி வாங்கிக்கொண்டு நுழையும்போதெல்லாம், திரும்பிப் போக வாசல் இல்லை என்று அந்த போன் கத்தும். டப்பிங் பாட்டுக்கு எழுதியவர் பெயரை யார் பார்க்கிறார்கள்? படம் முடிந்து, விளக்குப் போட்டு, ஜனங்கள் செருப்பைத் தேடுகிற நேரத்தில் சின்ன எழுத்தில் ஓடி மறையும்.

ஒரு நாள் முற்பகலில் அவள் வேறொரு படத்துக்கு எழுதிக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. அண்ணனிடமிருந்து. மூன்று வருஷத்தில் முதல் செய்தி. உடனே திறந்தாள். அந்தப் பாட்டின் வீடியோ. கீழே அண்ணன் எழுதியிருந்தார்: 'கேட்டுப் பார். இதுவும் நாட்டுப் பாட்டுதான். இதை எழுதியவனுக்கு உன்னைப்போல் சந்தேகமெல்லாம் கிடையாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எழுதியவன்! தனியாக அந்த அறையில் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்த பிறகு, இதை யாரிடம் சொல்வது என்று பார்த்தாள். அண்ணிக்குப் போட்டாள்; அங்கே விடியவில்லை போலிருக்கிறது, எடுக்கவில்லை. என்ஜினியரிடம் சொன்னால், வாழ்த்துகள்க்கா என்பான். எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. இதில் என்ன வேடிக்கை என்று புரிந்துகொள்ளக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான், அது அண்ணன்தான் என்று அவளுக்கு மெல்ல உறைத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அழைப்பு மணியை அழுத்திவிட்டு நின்றபோது, பேசாமல் திரும்பிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் கதவு திறந்தது. அண்ணன் பனியனோடு நின்றார். இளைத்திருந்தார். தாடி வெள்ளையாக முளைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் உதடு ஏதோ சொல்ல வந்து நின்றதை அவள் கவனித்தாள்.

"வா சின்னு" என்றார் கடைசியில். சிறுவயதில் கூப்பிட்ட பெயர்.

ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. மற்றவற்றில் எல்லாம் செய்தித்தாள், துவைத்து மடிக்காத துணி, மருந்துக் கவர்கள். யாரும் வந்து உட்காராத நாற்காலிகள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அண்ணன் அவசரமாக ஒன்றிலிருந்து துணிகளை வாரிக் கட்டிலில் போட்டார்.

"உன் நண்பர்கள் எல்லாம் வர்றதில்லையா?"

"நடக்கறப்ப பாக்கறதுதான். உங்கண்ணி இருந்தா டிபன், காப்பின்னு வருவாங்க. இப்ப எதுக்கு வருவாங்க?" என்று சிரித்தார். "பாட்டு அனுப்பினேனே, பாத்தியா?"

"பாத்தேன். அதான் வந்தேன். அதை எழுதினவனை எனக்குத் தெரியும்."

"அப்படியா! உங்க ஸ்டுடியோவா? யாரு, ஆள் எப்படி?"

"அவன் இல்ல. அவ. நான்தாண்ணா."

அண்ணன் முதலில் நம்பவில்லை. பிறகு டிவியை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். முகத்தில் சந்தோஷம் பொங்கியது. "நீயா? நீயா எழுதின? அடிப்பாவி!" என்று தொடையில் தட்டினார். எழுந்து போய் ஜன்னல் வரைக்கும் நடந்து திரும்பி வந்தார். வரும்போது முகம் மாறியிருந்தது.

"நம்பி எழுதினியா?"

அவள் அணைந்த டிவியைப் பார்த்தாள்.

"இந்த மாதிரிப் பாட்டுல நாடே இல்லைன்னு சொன்னவ நீ. இங்கதான் உக்காந்து சொன்ன. நம்பாமயே எழுதிக் குடுத்தியா? நான் தியேட்டர்ல நின்னு அழுதேன் சின்னு. சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். நீ சும்மா உதட்டுக்கு உதடு வெச்சுத் தெச்சதுக்கா அழுதேன்?"

"பழைய பாட்டெல்லாம் எழுதினவங்க மட்டும்..." என்று அவள் ஆரம்பித்தாள். எங்கே போவதென்று தெரியாமல் நிறுத்தினாள். "அந்தக் கால்வாய்ப் படமும் நான்தான் எழுதினேன். அது நம்பித்தான் எழுதினேன். அதைப் பாத்தியா?"

"பாத்தேன்" என்றார் அண்ணன். "பாதியில தூங்கிட்டேன்."

இருவருக்குமே சிரிப்பு வந்தது. ஆனால் அண்ணன் விடவில்லை.

"யார் வீட்டுப் பானையும் நிறையணும்னு பாடறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. நம்ம குடியிருப்புல குழாய் எத்தனை இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? ரெண்டு. ஆபீசருங்க வீட்டுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. அம்மா வரிசையில நிக்கறப்ப, அந்தக் குழாய்ல ஆளே இல்லாம தண்ணி போயிட்டிருக்கும். அன்னிக்கு சாயங்காலமே மைதானத்துல போய் எல்லாரும் ஒண்ணுன்னு பாட்டு. நான்தான் எழுந்து நின்னு பாடினேன். பெரியவனான பிறகுதான் உறைச்சுது. இப்ப வர்ற பாட்டு அப்படிப் பொய் சொல்றதில்ல. உனக்கு ஒருத்தன் எதிரி, அவ்வளவுதான்னு சொல்லிட்டுப் போயிடுது."

"பொய்யா இருந்தாலும் அது நம்மகிட்ட ஒண்ணு கேட்டுச்சுண்ணா. இருக்கறதைப் பகிர்ந்துக்கச் சொல்லிக் கேட்டுச்சு. இது என்ன கேக்குது?"

"எழுந்து நிக்கச் சொல்லுது" என்றார் அண்ணன். கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு தியேட்டர்ல பாட்டு வந்ததும் எல்லாரும் எழுந்தோம். எனக்குப் பக்கத்துல யாரோ ஒரு பையன், முன்னபின்ன தெரியாது. பாடிக்கிட்டே என் தோள்ல கையப் போட்டான். உங்கண்ணி ஊருக்குப் போனதுலேர்ந்து ஒரு மனுஷக் கை என்மேல பட்டது அன்னிக்குத்தான். பாட்டு முடியற வரைக்கும் எடுக்கல. உனக்கு அதெல்லாம் பிடிக்காது. ஆனா நான் எதுக்கு அழுதேன்னு கேட்டா, அதுவும்தான்."

அவள் அண்ணனின் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்தாள். அது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணு மட்டும் புரியல" என்று அண்ணனே தொடர்ந்தார். "இந்தியிலயும் கேட்டேன். 'சேர்ந்து நின்ற நாளை மறந்தாய்'னு அதுல இல்லையே. சொந்தம்ங்கற பேச்சே இல்ல. எதிரியைப் பாத்து எதுக்கு இதெல்லாம் சொல்லணும்? ஆனா அந்த வரியிலதான் எனக்கு முதல்ல கண் கலங்குச்சு. அதை எப்படிப் போட்ட?"

சமாளித்துவிட்டிருக்கலாம். உதட்டுக்குப் பொருந்தியது என்று சொன்னால் நம்பியிருப்பார்.

"நம்பித்தாண்ணா எழுதினேன். ஆனா நாட்டை நினைச்சு எழுதல. உன்னை நினைச்சு எழுதினேன். இந்த ஹால்ல, அத்தனை பேர் முன்னால, எழுந்து போன்னு சொன்னியே. அந்தக் கோவம்தான் அது. வாசல் இல்லைன்னது, இந்த வாசல்."

அண்ணன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். கதவு இன்னும் பாதி திறந்துதான் கிடந்தது. அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. எழுந்து போய் உதவலாமா என்று நினைத்தாள். வேண்டாம் என்று தோன்றியது. ரொம்ப நேரம் கழித்து இரண்டு டம்ளரில் டீயோடு வந்தார். கண் சிவந்திருந்தது.

"சர்க்கரை தீந்து போச்சு" என்றார்.

"பரவால்ல."

டீ கசந்தது. இருவரும் குடித்தார்கள்.

"ஊரே பாடுது" என்றார் அண்ணன் கடைசியில். "நீ என்னைத் திட்டினதை ஊரே நின்னு பாடுது. நானும் நின்னு பாடியிருக்கேன்." அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "நல்லாத்தான் திட்டியிருக்க."

மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கிளம்பும்போது அண்ணன் படி வரைக்கும் வந்தார். "பாத்து எறங்கு, மூணாவது மாடி லைட் எரியல" என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். முழங்கால் வலி, அண்ணி அனுப்பிய குழந்தைப் படம், எந்தக் கடையில் எது நன்றாக இருக்கிறது என்று பேச்சு ஓடும். சினிமாப் பேச்சு வந்தால் இருவரும் ஜாக்கிரதையாகி, வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள். போன் வைத்ததும் அவள் வீடு முன்னைவிட அமைதியாக இருப்பது போலிருக்கும். பேச்சில்லாத காலத்தில் அந்தக் கோபமாவது துணைக்கு இருந்தது. எழுதும்போது, சமைக்கும்போது எல்லாம் மனதுக்குள் அண்ணனோடு வாதாடிக்கொண்டே இருப்பாள். இப்போது அதுவும் இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் இன்னொரு போர்ப் படம் வந்தது. போன பாட்டு ஓடியதால் கம்பெனி இதற்கும் உதட்டக்காதான் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தது. இதில் ஊர் ஜனங்கள் கூட்டமாகப் பாடுகிற இடம் ஒன்று உண்டு.

"அக்கா, கூட்டக் குரலுக்கு வயசான ஆம்பளைங்க கொஞ்சம் பேர் வேணும். தொழில் பாடகர்கள் வேணாம். சும்மா சத்தமாப் பாடினாப் போதும். யாராவது தெரியுமா?" என்றான் என்ஜினியர்.

அவள் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் நடை நண்பர்கள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார்.

ஒலிப்பதிவு அறைக்குள் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி அவர்களை நிறுத்தினார்கள். வேறு இடத்திலிருந்து வந்த நாலைந்து பேரும் இருந்தார்கள். "நெருக்கமா நில்லுங்க சார், தள்ளித் தள்ளி நின்னா கூட்டம் மாதிரிக் கேக்காது" என்றான் என்ஜினியர். அண்ணன் உடனே இரண்டு பக்கமும் கையை விரித்து, தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று இருவரின் தோளிலும் போட்டுக்கொண்டார். அவர்களும் போட்டுக்கொண்டார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஒலிக்கலவை மேஜைக்குப் பக்கத்தில் அவள் தாளோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அவளைப் பார்த்து, உள்ளே வா என்று தலையை ஆட்டினார்.

"போங்கக்கா, நீங்களும் பாடுங்க, பொம்பளைக் குரல் ஒண்ணு இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றான் என்ஜினியர்.

அவள் எழுந்தாள். கதவு வரைக்கும் போனாள். திரையில் அந்தக் காட்சி மௌனமாக ஓடிக்கொண்டிருந்தது. கொடி, புகை, ஓங்கிய கைகள். அவள் எழுதிய வரிகள்தான். ஆனால் அவற்றைத் தன் வாயால் சத்தமாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "இல்லப்பா, உதடு பாக்க ஆள் வேணுமே" என்று சொல்லித் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கூட்டம் பாடியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். சுருதி எங்கேயோ போனது. யாரும் கவலைப்படவில்லை. முடிந்ததும் அவர்களே கைதட்டிக்கொண்டார்கள்.

வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்று, நெற்றியைத் துடைத்துக்கொண்டே அண்ணன் சொன்னார்: "நல்லா இருந்துச்சு. ஆனா போன தடவை மாதிரி வேகம் இல்லையே சின்னு."

"யார்மேலயும் கோவம் இல்லையேண்ணா. எப்படி வரும்?"

அண்ணன் அவள் தலையில் லேசாகத் தட்டினார். அதற்குள் நண்பர்கள் வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். டீ குடித்துவிட்டு, எல்லோருமாக எங்கோ போவதாகத் திட்டம். கூட்டத்தில் புதிதாகக் கிடைத்த ஒருவரும் சேர்ந்துகொண்டிருந்தார்.

"நீயும் வாயேன்" என்றார் அண்ணன்.

"நீ போண்ணா. எனக்கு இன்னும் ரெண்டு ரீல் இருக்கு."

சிரிப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கித் தெருவுக்குப் போவது கொஞ்ச நேரம் கேட்டது. என்ஜினியரும் சாப்பிடக் கிளம்பினான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த காட்சியைப் போட்டாள். சிப்பாய் ஒருவன் தன் வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே முணுமுணுக்கிறான். வாய் பெரிதாக அசையவில்லை. அவள் திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் என்ன சொல்கிறான் என்று பார்க்கத் தொடங்கினாள்.